மிகைக்கு அளவுகோல் யார்? ‘வேம்பயர்ஸ் கிஸ்’ குறித்த கருத்துகளின் வரலாறு

ஒரு நடிகரின் மிகை ஒரு படத்தைக் கெடுத்ததா, காப்பாற்றியதா? நிக்கோலஸ் கேஜ் நடித்த ‘வேம்பயர்ஸ் கிஸ்’ 1989 ஜூனில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அதை விட்டு அகலவில்லை. சுமார் 20 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அங்கே ஏறத்தாழ 7 லட்சத்து 25 ஆயிரம் டாலர் மட்டுமே வசூலித்த படம் அது. வணிகக் கணக்கில் அன்றே முடிந்துபோன விவகாரம். ஆனால் வீடியோ கேசட், டிவிடி, இணையம் என்று ஊடகம் மாறிய போதெல்லாம் ஒரு புதிய பார்வையாளர் கூட்டம் அதைத் தேடிப் பிடித்தது; முன்னவர்கள் சொன்ன தீர்ப்பைத் திருத்தி எழுதியது. தோல்விப் படமாக இருந்தது கேலிக்குரிய படமானது. பிறகு நடிப்புக்கான பாடம் என்றார்கள். இப்போது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பலர் சங்கடத்தோடு பார்க்கும் படமாக இருக்கிறது.

கதை எளியது. பீட்டர் லோ நியூயார்க்கில் இலக்கிய முகவர். பகலில் அலுவலகம், இரவில் மதுக்கூடம், இடையிடையே மனநல மருத்துவரிடம் பேச்சு. ரேச்சல் என்ற பெண் ஓர் இரவில் தன் கழுத்தைக் கடித்துவிட்டாள், தானும் ரத்தக்காட்டேரியாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அவன் நம்பத் தொடங்குகிறான். ஜெனிஃபர் பீல்ஸ் நடித்த அந்த ரேச்சல் நிஜத்தில் இருக்கிறாளா என்பதே ஐயம்: மறுநாள் காலை அவன் காபியை நீட்டும்போது படுக்கை காலியாக இருக்கிறது. கண்ணாடியில் தன் உருவம் தெரியவில்லையே என்று பதறுகிறான். நமக்கு அது நன்றாகவே தெரிகிறது. கோரைப்பல் முளைக்காததால் கடைக்குப் போகிறான். நல்ல பல்லுக்குக் கையில் காசு போதவில்லை, மலிவான பிளாஸ்டிக் பல்லை வாங்கி மாட்டிக்கொள்கிறான். இந்தக் கோமாளித்தனத்துக்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. 1963ஆம் ஆண்டின் பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கோப்புக் குவியலில் தேடியெடுக்கச் சொல்லி, ஆல்வா என்ற செயலாளரை (மரியா கொன்சிட்டா அலோன்சோ) அவன் நாள்தோறும் வதைக்கிறான். வதை மிரட்டலாகி, துரத்தலாகி, பாலியல் வன்முறையில் முடிகிறது.

கேஜின் நடிப்பு ‘கூடிப்போனது’ என்று சொன்னவர்களும், கூடியதுதான் அழகு என்று சொன்னவர்களும் எதனோடு ஒப்பிட்டு அப்படிச் சொன்னார்கள் என்பதை விளக்கியதில்லை. படமே ஓர் அளவுகோலைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த அளவுகோல் ஆல்வா. ஒவ்வொரு தரப்பும் அவளைக் கண்ணில் வைத்துப் பேசுகிறதா, அவளை விட்டுவிட்டுப் பேசுகிறதா என்று பார்த்தால், கருத்துகள் பிரியும் இடம் ஓரளவு துலங்கும்.

கெடுத்தது யார்?

1989இல் இந்தப் படத்துக்குப் போனவர்களுக்குக் காட்டேரியும் சிரிப்பும் சேர்வது புதிதல்ல. ரோமன் போலன்ஸ்கியின் ‘தி ஃபியர்லெஸ் வேம்பயர் கில்லர்ஸ்’ (1967), ‘லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்’ (1979), ‘ஃப்ரைட் நைட்’ (1985), ‘தி லாஸ்ட் பாய்ஸ்’ (1987) என்று ஒரு வரிசையே இருந்தது. அவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் ஒப்பந்தம் உண்டு: காட்டேரி நிஜம். பழைய சாபமும் புதிய உலகமும் மோதும்போது சிரிப்பு பிறக்கும். கடைசியில் மரமுளையோ சூரிய ஒளியோ கணக்கைத் தீர்க்கும். ‘வேம்பயர்ஸ் கிஸ்’ இந்த ஒப்பந்தத்தை முதல் அரை மணி நேரத்திலேயே கிழித்துப்போடுகிறது. காட்டேரியே சந்தேகத்துக்குரியது என்றால் எதைப் பார்த்துப் பயப்படுவது? ஜார்ஜ் ரொமேரோ 1970களின் இறுதியில் ‘மார்ட்டின்’ படத்தில் இதே ஐயத்தைக் கையாண்டிருந்தார். ஆனால் அங்கே நகைச்சுவை இல்லை, அதனால் பார்ப்பவருக்குக் குழப்பமும் இல்லை.

அந்தக் குழப்பத்தின் பழி முழுவதும் கேஜின் தலையில் விழுந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் கேரின் ஜேம்ஸ் எழுதிய விமர்சனம், கட்டுப்பாடற்ற அவரது நடிப்பு படத்தை ஆக்கிரமித்து அழித்துவிட்டது என்ற தொனியில் அமைந்தது. ‘நியூயார்க்கர்’ இதழின் பாலின் கேல் மாறாக, அந்தத் துணிச்சலையே ரசித்தார். பிறகு வந்த விவாதத்தின் இரு முனைகளையும் இவ்விருவரும் அன்றே நட்டுவிட்டார்கள் எனலாம். ஆனால் பார்வைக்குத் தெரியும் அளவுக்கு இருவருக்கும் இடையே தூரம் இல்லை. இருவருமே கேஜைத் தனியாக எடுத்து நிறுத்துகிறார்கள். ஒருவருக்கு அவர் படத்தின் மீது ஏறிய சுமை, மற்றவருக்கு அவரே படத்தின் மதிப்பு.

முதல் நிலைப்பாட்டின் பலவீனம், கேஜ் இல்லாவிட்டால் அங்கே வேறொரு நல்ல படம் இருந்திருக்கும் என்று அது அனுமானிப்பது. திரைக்கதையை எழுதிய ஜோசப் மினியன், மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘ஆஃப்டர் ஹவர்ஸ்’ (1985) படத்தையும் எழுதியவர். ஓர் இரவில் ஒரு சாதாரண ஊழியனின் உலகம் திருகிக்கொண்டே போகும் கதை அது. அங்கே நகரம் பைத்தியமாகிறது, மனிதன் மிரள்கிறான். இங்கே மினியன் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்: நகரம் தன்பாட்டுக்கு இயங்குகிறது, மனிதன் மட்டும் கழன்றுவிடுகிறான். அடக்கி வாசிக்கும் ஒரு நடிகர் இதைச் செய்திருந்தால் சோகமான ஒரு நோய்க்குறிப்பு கிடைத்திருக்கும். நகைச்சுவைக்கு அங்கே வழி இருந்திருக்காது. இரண்டாம் நிலைப்பாட்டின் பலவீனம் வேறு மாதிரி. துணிச்சலைத் துணிச்சலுக்காகவே பாராட்டினால், அது எதற்காக என்ற கேள்வி விடுபட்டுப்போகும். திரைக்கதையில் பச்சை முட்டை என்றிருந்த இடத்தில் கேஜ் உயிருள்ள கரப்பான்பூச்சியைத் தின்றார் என்பது இந்தப் படத்தைப் பற்றி மிக அதிகம் சொல்லப்படும் தகவல். அது பீட்டர் லோவைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. பார்ப்பவர் அந்தக் கணத்தில் பாத்திரத்தை மறந்து நடிகரின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார். என் மதிப்பீட்டில் படத்தில் மிகை உண்மையாகவே வழிந்தோடும் இடம் அதுதான். ஆனால் புகழ் பெற்றதும் அதுவே.

வெட்டியெடுத்த முகம்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் படத்துக்கு மறுபிறவி கிடைத்தது. கேஜ் கத்தும், குதிக்கும், விழிக்கும் காட்சிகளை மட்டும் கோத்த துண்டுப்படங்கள் இணையத்தில் பரவின. கண்கள் பிதுங்க, இளித்தபடி முன்னால் சாயும் அவரது முகம் கோட்டோவியமாகி, ‘அப்படியா, தெரியவே தெரியாதே!’ என்ற நக்கலுக்கான மீம் ஆயிற்று. படத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத கோடிக்கணக்கானோர் அந்த முகத்தை அறிவார்கள். வடிவேலுவின் முகங்கள் படங்களை விட்டு இறங்கித் தனி வாழ்க்கை வாழ்வதைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த இடப்பெயர்ச்சியை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தின் தீர்ப்பு, ‘எவ்வளவு மோசமோ அவ்வளவு அருமை’. இதற்கு ஒரு கோட்பாட்டு முன்னோடியும் உண்டு. சூசன் சான்டாக் 1964இல் ‘கேம்ப்’ என்ற ரசனையைப் பற்றி எழுதிய குறிப்புகளில், தன்னை முழு மனத்தோடு தீவிரமாக எடுத்துக்கொண்டு தோற்கும் படைப்பையும், தெரிந்தே கோணலாக நடந்துகொள்ளும் படைப்பையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்கே அதிக மதிப்பளித்தார். மீம் ரசிகர்கள் ‘வேம்பயர்ஸ் கிஸ்’ படத்தை அந்த முதல் வகையில் வைத்துச் சிரித்தார்கள்: தான் செய்வது என்னவென்று தெரியாமல் ஒரு நடிகர் எல்லை மீறிவிட்டார், பாவம், என்ன ஒரு விருந்து! ஆனால் படம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பிளாஸ்டிக் பல்லோடு ஒருவனைத் தெருவில் உலவவிடும் திரைக்கதை தன்னை அறியாமல் நகைப்புக்கிடமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று அந்த மீமுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிதுங்கிய கண்கள் யாரைப் பார்க்கின்றன? படத்தில் அது அலுவலகக் காட்சி. அந்த ஒப்பந்தத்தைத் தேடும் எரிச்சலான வேலை ஏன் உனக்கு என்றால், இங்கே உன்னைவிடத் தாழ்ந்தவர் யாரும் இல்லை என்று லோ ஆல்வாவிடம் சொல்லிக் களிக்கும் இடம். அந்த முகத்துக்கு எதிரே அவளுடைய முகம் இருக்கிறது: சிரிப்பதா, அழுவதா, எழுந்து போவதா என்று முடிவெடுக்க முடியாமல், வேலை போய்விடுமே என்ற பயத்தில் உறைந்த முகம். துண்டுப்படம் செய்தவர்கள் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு மறு முகத்தை விட்டுவிட்டார்கள். மீதியிருந்தது சிரிப்பு மட்டும்.

திட்டமிட்ட வெறியா?

மீம்களுக்கு எதிர்வினையாக வலுப்பெற்றது மூன்றாவது நிலைப்பாடு: கேஜ் செய்த ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. 2002இல் வந்த டிவிடியில் இயக்குநர் ராபர்ட் பியர்மனோடு சேர்ந்து கேஜ் அளித்த ஒலி விளக்கமும், பிந்தைய பேட்டிகளும் இதற்கு ஆதாரம். ஜெர்மானிய வெளிப்பாட்டியல் மௌனப் படங்களின் உடல்மொழியைப் பேசும் படத்துக்குள் கொண்டுவர முயன்றதாக அவர் சொல்லிவந்திருக்கிறார். தன் பாணிக்கு ‘மேற்கத்தியக் கபுகி’, ‘நவ ஷாமனியம்’ என்றெல்லாம் பெயர் சூட்டியிருக்கிறார். லோவின் அந்தப் போலி ஆங்கிலேய உச்சரிப்பு இலக்கியப் பேராசிரியரான தன் தந்தை ஆகஸ்ட் கொப்போலாவின் பேச்சிலிருந்து எடுத்தது என்கிறார். 1922ஆம் ஆண்டின் ‘நோஸ்ஃபெரட்டு’ மீது அவருக்கு இருந்த பற்றும் புனைவல்ல: அந்தப் படப்பிடிப்பைக் கற்பனையாகச் சித்திரித்த ‘ஷேடோ ஆஃப் தி வேம்பயர்’ (2000) படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் அவர், 2023இல் ‘ரென்ஃபீல்ட்’ படத்தில் டிராகுலாவாகவே நடித்தார். கீத் ஃபிப்ஸ் (2022), ஸாக் ஷோன்ஃபெல்ட் (2023) ஆகியோர் எழுதிய நூல்கள் வந்த காலத்தில், கேஜைக் கேலிப்பொருளாக அல்லாமல் கலைஞராக அணுகுவது ஏறக்குறைய பொதுக்கருத்தாகிவிட்டது.

இதில் ஒரு பகுதி எளிதில் ஏற்கத்தக்கது அல்ல. சாட்சியத்தின் பெரும்பகுதி பிற்காலத்தையது. ‘லீவிங் லாஸ் வேகஸ்’ படத்துக்காக 1996இல் ஆஸ்கர் வாங்கிய நடிகர் தன் இளமைக்காலத் தோல்விக்குக் கோட்பாடு சொல்லும்போது, அதைக் கேட்பவர் சற்றே தள்ளி நின்று கேட்பது நல்லது. நோக்கம் இருந்தது என்பது நோக்கம் நிறைவேறியது என்பதற்குச் சான்றாகாது. ஆனால் பேட்டிகளை ஒதுக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது: லோ ஒரு போலி. அவனே ஒரு நடிகன். அவன் தொலைக்காட்சியில் ‘நோஸ்ஃபெரட்டு’ பார்க்கிறான். அதன்பின் தோள்கள் காதுவரை உயர்கின்றன, விரல்கள் விறைக்கின்றன, நடை மாக்ஸ் ஷ்ரெக்கின் நடையாகிறது. உச்சரிப்பு வந்துவந்து போவதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. படிப்பாளி வேடம் போடுபவனின் உச்சரிப்பு உணர்ச்சிவேகத்தில் நழுவத்தானே செய்யும்? நடிப்புக்குள் நடிப்பு நிகழும்போது ஒருமை குலைவது பாத்திரத்தின் அடையாளமே என்று திரை நடிப்பைப் பற்றி ஜேம்ஸ் நேர்மோர் எழுதியவை (1988) இங்கே துணைக்கு வரும்.

புகழ்பெற்ற அகரவரிசைக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். கோப்பு ஒன்று தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று லோ தன் மருத்துவர் கிளேசரிடம் (எலிசபெத் ஆஷ்லி) குமுறுகிறான். அகரவரிசைப்படி அடுக்குவதில் என்ன கஷ்டம் என்று கேட்டு, ஏ முதல் இஸட் வரை ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கத் தொடங்குகிறான். கை அசைவுகள் எழுத்துக்கு எழுத்து பெரிதாகின்றன, உடல் முன்னும் பின்னும் ஆடுகிறது, கடைசி எழுத்துகள் ஏறக்குறைய நடனமாகிவிடுகின்றன. இருபத்தாறு எழுத்துகளும் முடிகிறவரை காட்சி முடிவதில்லை. தற்செயலான வெறி இப்படி அளந்து ஏறாது. மருத்துவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அமைதிக்குத்தான் அவருக்குப் பணம். நாமும் அவரோடு சேர்ந்து பாதுகாப்பான தூரத்தில் அமர்ந்து சிரிக்கிறோம்.

ஆல்வாவின் பக்கம்

இதே கோப்பு விவகாரத்தைத்தான் லோ ஆல்வாவிடமும் பேசுகிறான். அதே நடிகர், அதே காகிதம், அதே உச்சஸ்தாயி. மேசைமேல் தாவி ஏறி விரலை நீட்டுகிறான். அலுவலகம் முழுக்க ஓடவிட்டுப் பெண்கள் கழிப்பறைவரை துரத்துகிறான். சைகைகளை மட்டும் அளந்தால் மருத்துவர் அறைக் காட்சிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எதிரே இருப்பவளுக்குச் சிரிக்கும் உரிமையும் இல்லை, எழுந்து போகும் வசதியும் இல்லை. எனவே மிகை என்பது கேஜின் முகத்தில் இருக்கும் ஒரு நிலையான அளவு என்று கொள்ளும் எல்லாக் கருத்துகளும் இங்கே தடுமாறுகின்றன. ஒரே நடிப்பு ஓர் அறையில் நகைச்சுவையாகவும் மறு அறையில் அச்சுறுத்தலாகவும் வேலை செய்கிறது.

அலோன்சோவின் நடிப்பைப் பற்றி அதிகம் பேசப்படாதது இந்த விவாதத்தின் பெரிய குறை. அவர் ஒரு கணம்கூடக் கேஜோடு போட்டி போடவில்லை. முழுக்க முழுக்க இயல்பின் அளவிலேயே நடிக்கிறார். அதனால்தான் கேஜின் உயரம் தெரிகிறது. படமும் அவளோடு அவள் வீட்டுக்குப் போகிறது. தாய் வேலைக்குப் போகச் சொல்வதையும், அவள் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஒளிந்துகொள்வதையும் காட்டுகிறது. லோ டாக்ஸி பிடித்து அங்கேயும் வந்து, நயமாகப் பேசி, அவளை அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறான். காட்டேரி பற்றிய சந்தேகம் இவ்விடத்தில் பொருளிழந்துவிடுகிறது. அவன் காட்டேரியா இல்லையா என்பது ஆல்வாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் அவளுடைய முதலாளி.

இன்றைய அறவுணர்வை 1989இன் மீது ஏற்றும் வாசிப்பு இது என்று மறுக்கலாம். பணியிடப் பாலியல் தொல்லை சட்டப்படி பாகுபாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெரிட்டர் சேமிப்பு வங்கி வழக்கில் 1986இலேயே தீர்ப்பளித்துவிட்டது. படம் எழுதி எடுக்கப்பட்ட காலத்தில் அந்தச் சொல் காற்றில் இருந்தது. பங்குச்சந்தை இளைஞர்களின் பேராசையை ‘வால் ஸ்ட்ரீட்’ 1987இல் காட்டியது. பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘அமெரிக்கன் சைக்கோ’ நாவல் 1991இல் வந்தது. நல்ல உடையும் வெற்று மனமும் கொண்ட மன்ஹாட்டன் ஆண் அப்போதே ஒரு வகைமாதிரி. ஆல்வாவின் பயத்தை இன்று நாம் கண்டுபிடிக்கவில்லை. அது திரையில் இருந்தது, விமர்சனங்களில்தான் இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. ஆல்வா படத்தின் மனசாட்சி என்றால், வன்முறைக்குப் பிறகு படம் ஏன் லோவின் பின்னாலேயே போகிறது? அவளிடம் இருந்த துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக்கள். அதைப் பிடுங்கித் தன்னையே சுட்டுக்கொண்டும் சாகாததால், தான் அமரன் என்பது உறுதியாகிவிட்டதாக லோ கருதுகிறான். பின் ஒரு பெண்ணைக் கொல்கிறான். சட்டையில் ரத்தத்தோடு, உடைந்த மரத்துண்டை நீட்டித் தன்னைக் குத்தச் சொல்லி நியூயார்க் தெருக்களில் அலைகிறான். விலகிப் போகும் வழிப்போக்கர்களில் பலர் படப்பிடிப்பென்று அறியாதவர்கள் எனப்படுகிறது. ஒரு தெருமுனையில் கற்பனை மருத்துவரிடம் தன் குற்றங்களை ஒப்புக்கொள்கிறான். கற்பனை மருத்துவரும் பெருந்தன்மையோடு அதைத் தள்ளிவிட்டு அவனுக்கு ஒரு பெண்ணை அறிமுகம் செய்கிறார். இது குற்றவாளி தனக்குத்தானே வழங்கும் மன்னிப்பின் மீதான கிண்டல் என்றே கொள்கிறேன். படத்தின் மிகக் கூர்மையான எழுத்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிண்டல் புரிவதற்கு ஆல்வா நினைவில் இருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் படம் அவளை ஓரத்துக்குத் தள்ளி, பழிவாங்கும் வேலையைக்கூட அவளுடைய சகோதரன் கையில் கொடுத்துவிடுகிறது. தான் கொடுத்த அளவுகோலைத் தானே கைவிட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டிலிருந்து படத்தை முழுமையாக மீட்க முடியாது. மீம்காரர்கள் செய்த வெட்டைப் படமே ஓரளவு தொடங்கிவைத்தது என்றும் சொல்லலாம்.

தீராதவை

கேஜின் நடிப்பு கட்டுப்பாட்டுக்குள் இருந்ததா என்ற கேள்விக்கு, பெரும்பாலான காட்சிகளில் இருந்தது என்று இப்போது துணிந்து சொல்லலாம். கரப்பான்பூச்சி போன்ற சில இடங்களில் நடிகரின் சாகசம் பாத்திரத்தை விழுங்கிவிட்டது. பிற்காலக் கேஜை அறியாத ஒரு பார்வையாளருக்கு இதே நடிப்பு எப்படித் தோன்றும் என்பதை இனி சோதித்துப் பார்க்க வழியில்லை. 1989இன் விமர்சகர்களுக்கு இருந்த அந்த அறியாமை ஒருவகையில் நம்மிடம் இல்லாத வசதி. அவர்கள் எரிச்சலை முற்றிலும் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

மிகப் பெரிய ஓட்டை ரேச்சல். கசந்துபோன ஓர் உறவின் மனச்சோர்வில் மினியன் இக்கதையை எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அப்படியென்றால் ஆணின் ரத்தத்தை உறிஞ்சி அவனை அடிமையாக்கும் பெண் என்ற உருவம் லோவின் மனப்பிறழ்வுக்கு மட்டும் சொந்தமானதா, அதை எழுதியவரின் கோபத்துக்கும் சொந்தமானதா? ஆல்வாவுக்கு வீடும் தாயும் அச்சமும் தந்த அதே திரைக்கதை, ரேச்சலுக்கு உதடும் பல்லும் தவிர எதையும் தரவில்லை. அவள் ஒரு பைத்தியக்காரனின் கற்பனை என்பதால் அப்படித்தான் இருக்க முடியும் என்பது ஒரு பதில். அவள் நிஜப் பெண்ணாகவும் இருக்கலாம் என்று படம் ஒரு கதவைத் திறந்துவைத்திருப்பதால் அந்தப் பதில் போதவில்லை. ஆல்வாவை முன்வைத்துப் படத்துக்கு ஆதரவாக வாதிடும் எவரும், இக்கட்டுரை உட்பட, ரேச்சலுக்கு என்ன சொல்வது என்பதில் இன்னும் திணறவே செய்கிறார்கள்.